கிரயமா, குத்தகையா? ட்ரேசி சாப்மனின் பாட்டும் சேலத்து ஒப்பந்தம் ஒன்றும்

தை மாதக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவு. கிதார் வகுப்பு முடிந்து பிள்ளைகள் எல்லாரும் போய்விட்டார்கள். அவள் மட்டும் மாடிப்படியில் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை, அதற்குள் ஆங்கிலத்தில் அச்சடித்த ஏழு பக்கம்.

"மாஸ்டர், அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொல்றாங்க. ஒருதரம் பார்த்துட்டுச் சொல்றீங்களா?"

அவளுக்கு வயது 23. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீடு. முன்னறையே அப்பாவின் வெள்ளிக் கொலுசுப் பட்டறை. பகலில் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை. இரவில் தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடுவாள். போன ஆண்டு மாவட்டக் கலை மன்றத்தின் கலை வளர்மணி விருது வாங்கினாள். 19 முதல் 35 வயது வரையுள்ள கலைஞர்களுக்குத் தரும் விருது அது. விருது வாங்கிய புகைப்படத்தைப் பார்த்துத்தான் ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் அவளைத் தேடி வந்தது. அவள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிட்டேன்.

தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஐந்து பாட்டு, மொத்தமாக 40,000 ரூபாய். வரிகள், மெட்டு, ஒலிப்பதிவு மூன்றும் உலகம் முழுவதற்கும், என்றைக்குமாக, இன்றுள்ள வடிவங்களிலும் இனி வரப்போகும் வடிவங்களிலும் நிறுவனத்துக்கே சொந்தம். பாட்டு பயன்படும்போதெல்லாம் வரும் பங்குத் தொகையான ராயல்டி எதையும் பின்னாளில் கேட்பதில்லை என்று பாடகி ஒப்புக்கொள்கிறார். பாட்டை மாற்றவும், வேறொருவரைப் பாட வைக்கவும், எழுதியவர் பெயரைப் போடாமல் விடவும் நிறுவனத்துக்கு உரிமை உண்டு.

இதைப் படித்ததும் என் கை நடுங்கியதை மறைக்க மாட்டேன். 1994இல் ஆடி மாதத்துக்கு முன்னால் ஒரு கேசட் நிறுவனத்துக்கு மாரியம்மன் பாட்டு எட்டு எழுதி மெட்டமைத்துக் கொடுத்தேன். 3,000 ரூபாய் கொடுத்து, முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். கேசட் உறையில் என் பெயர் இல்லை. சேலம் குகைப் பகுதியில் மாரியம்மன் திருவிழாவின் வண்டி வேடிக்கை நடக்கும் நாளில் அந்த எட்டில் இரண்டு இன்றைக்கும் ஒலிபெருக்கியில் வருகின்றன. கூட்டத்தில் நின்று கேட்பேன். பக்கத்தில் இருக்கும் யாரிடமும் இது என் பாட்டு என்று சொல்ல என்னிடம் ஒரு துண்டுச் சீட்டுக்கூடக் கிடையாது.

அதனால் அவளுக்கு நேரடியாகப் 'போடாதே' என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. என் காயத்தை வைத்து அவள் வாழ்க்கையை முடிவு செய்வது சரியில்லை. வேறொருத்தியின் கதையை ஆதியிலிருந்து எடுத்துப் பார்ப்போம், அதன் பிறகு நீயே சொல் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டில் என் அக்கா வீட்டுக்குப் போனோம். அவளும், அவள் அம்மாவும், நானும். மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பிளாஸ்டிக் உறை அவள் மடியைவிட்டு இறங்கவில்லை.

நான் எடுத்துக்கொண்ட கதை, தானே எழுதிப் பாடும் அமெரிக்கப் பாடகி ட்ரேசி சாப்மனுடையது.

வானொலி நிலையத்தில் ஒரு டேப்

1964 மார்ச் 30இல் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் கிளீவ்லாந்து நகரத்தில் பிறந்தவர். வளர்த்தது அம்மா. கையில் காசில்லாத வீடு. அதிலும் மூன்று வயது மகளுக்கு, கிதார் போன்ற சின்ன வாத்தியமான உகுலேலே ஒன்றை வாங்கிக் கொடுத்தார் அந்த அம்மா. எட்டு வயதில் கிதார். திறமையுள்ள பிள்ளைகளை நல்ல பள்ளிகளில் சேர்க்கும் உதவித்தொகைத் திட்டம் ஒன்றின் மூலம் கனெக்டிகட்டில் ஓர் உறைவிடப் பள்ளிக்குப் போனார். பிறகு பாஸ்டன் அருகே டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் மானுடவியல். படிக்கிற காலத்தில் ஹார்வர்டு சதுக்கத்தின் நடைபாதையில் நின்று பாடினார்.

எல்லாரும் வேகமாகத் தாண்டிப் போகிற ஒரு சின்ன விவரத்தில் நான் நீண்ட நேரம் நின்றேன். பல்கலைக்கழகத்தில் மாணவர் வானொலி ஒன்று உண்டு, டபிள்யூ.எம்.எஃப்.ஓ. என்று பெயர். சாப்மன் தன் பாட்டுகளை அங்கே பதிவு செய்துகொண்டார். பிரபலமாவதற்காகச் செய்த பதிவு இல்லை அது. பாட்டு தன்னுடையது என்பதற்குப் பதிப்புரிமைச் சான்று வேண்டும் என்பதற்காகச் செய்தது. கட்டணத்துக்குப் பதிலாக, அந்தப் பாட்டுகளை ஒலிபரப்பிக்கொள்ள நிலையத்துக்கு அனுமதி கொடுத்தார். அப்போது அவரிடம் நிறுவனமும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. இருபதைத் தாண்டிய ஒரு மாணவி, அவ்வளவுதான். பாட்டைப் பாடுவதற்கு முன்னால் பாட்டுக்குப் பட்டா வாங்கி வைத்தார் என்று என் மாணவியின் அம்மாவுக்குச் சொன்னேன். அவர் சட்டென்று புரிந்துகொண்டார்.

அதே பல்கலைக்கழகத்தில் படித்த பிரையன் கோப்பல்மன், இசைப் பதிப்பு நிறுவனம் (பாட்டின் உரிமையை நிர்வகித்து வருமானம் வசூலிக்கும் நிறுவனம்) நடத்திய தன் அப்பா சார்லஸ் கோப்பல்மனிடம் இவரைப் பற்றிச் சொன்னார். சாப்மன் முதலில் பிடிகொடுக்கவில்லை. அந்த வானொலி நிலைய டேப்பிலிருந்து ஒரு பிரதி அப்பாவின் காதுக்குப் போனது. பிறகு எலெக்ட்ரா என்ற ஒலிப்பதிவு நிறுவனத்தோடு ஒப்பந்தமாகி, 1988 ஏப்ரலில் அவர் பெயரிலேயே முதல் ஆல்பம் வெளியானது.

அவர் நிறுவனங்களை வெறுத்து ஒதுங்கியவர் என்று யாரும் நினைக்க வேண்டாம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர்தான். ஒலிப்பதிவை வெளியிட்டது நிறுவனம். ஆனால் ஒலிப்பதிவு வேறு, வரியும் மெட்டும் சேர்ந்த பாட்டு வேறு. இந்த வேறுபாடுதான் இந்தக் கதையின் உயிர்.

வெம்பிளியும் டெல்லியும்

1988 ஜூன் 11, லண்டன் வெம்பிளி அரங்கம். சிறையில் இருந்த நெல்சன் மண்டேலாவின் 70ஆவது பிறந்தநாளை முன்னிட்டுப் பெரிய கச்சேரி. பல நாடுகளில் தொலைக்காட்சியில் காட்டினார்கள். சாப்மன் பகலிலேயே தன் பங்கைப் பாடி முடித்துவிட்டார். மாலையில் ஸ்டீவி வொண்டர் மேடையேற வேண்டிய நேரம். அவருடைய சின்தசைசர் இசை முழுவதும் இருந்த வன்தட்டை (ஹார்டு டிஸ்க்) காணவில்லை. அது இல்லாமல் பாட முடியாது என்று அவர் இறங்கிப் போய்விட்டார். வெறுமையாக நின்ற மேடைக்கு ஒரே ஒரு கிதாரோடு சாப்மனை மறுபடி அனுப்பினார்கள். அன்று அவர் பாடிய 'ஃபாஸ்ட் கார்' உலகம் முழுவதும் போய்ச் சேர்ந்தது. ஆல்பம் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் முதலிடம் பிடித்தது. பாட்டு அமெரிக்கப் பாடல் தரவரிசைப் பட்டியலில் 6ஆம் இடம் வந்தது. 1989இல் மூன்று கிராமி விருதுகள், அதில் ஒன்று சிறந்த புதிய கலைஞருக்கானது.

அதே 1988 செப்டம்பர் 30இல் டெல்லி ஜவஹர்லால் நேரு விளையாட்டரங்கத்திலும் அவர் பாடினார். மனித உரிமைகளுக்காக ஆம்னெஸ்டி நடத்திய உலகச் சுற்றுப்பயணம் அது. ஸ்பிரிங்ஸ்டீன், ஸ்டிங், பீட்டர் கேப்ரியல், யூஸு என்டூர் எல்லாரும் இருந்தார்கள். நான் அந்த ஆண்டு சேலத்தில் கல்யாணக் கச்சேரிகளில் கிதார் வாசித்துக்கொண்டிருந்தேன். நம் நாட்டு மண்ணில் அவர் நின்று பாடியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ள எனக்குப் பல ஆண்டு ஆனது.

'ஃபாஸ்ட் கார்' கதையை அவளுக்குத் தமிழில் சொன்னேன். குடிகார அப்பா. விட்டுப் போன அம்மா. அப்பாவைப் பார்த்துக்கொள்ளப் படிப்பை நிறுத்தும் மகள். கடையில் கல்லாவில் வேலை. காதலனின் காரில் ஏறி வேறு ஊர் போனால் வாழ்க்கை மாறும் என்ற நம்பிக்கை. கடைசியில் அந்தக் காதலனும் அப்பாவைப் போலவே ஆகிவிடுகிறான்.

அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அவளுடைய ஐந்து பாட்டில் ஒன்று ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்கும் பெண்ணைப் பற்றியது. கடைகளில் வேலை செய்பவர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் சட்டத்தைத் திருத்தியது. அந்த ஸ்டூல் வந்த நாளைத்தான் அவள் பாட்டாக்கியிருக்கிறாள். வாடிக்கையாளர் வரும்போது அதில் உட்கார்ந்திருக்கத் தயங்குகிற பெண்ணின் பாட்டு. என் வகுப்பில் இத்தனை ஆண்டில் பிறந்த பாட்டுகளில் அதைத்தான் முதலில் வைப்பேன்.

"இந்தப் பாட்டும் அந்த ஐஞ்சுல ஒண்ணுங்க மாஸ்டர்," என்றாள் மெதுவாக.

மறுத்த பாட்டு, மறுக்க முடியாத பாட்டு

சாப்மனின் நடுப்பகுதி வாழ்க்கையை நான் விரைவாகவே தாண்டினேன். 'கிவ் மீ ஒன் ரீசன்' 1996இல் அமெரிக்கப் பட்டியலில் 3ஆம் இடம், அடுத்த ஆண்டு சிறந்த ராக் பாடலுக்கான கிராமி. கடைசி ஸ்டுடியோ ஆல்பம் 2008இல். அதன் பிறகு மேடை மிகக் குறைவு. விளம்பரமும் பேட்டியும் அரிது. புகழ் தணிந்தது என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வேண்டிய அளவு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர் அவர்.

ராப் பாடகி நிக்கி மினாஜ், சாப்மனின் 'பேபி கேன் ஐ ஹோல்ட் யூ' பாட்டின் வரிகளையும் மெட்டையும் எடுத்து 'சாரி' என்று ஒரு பாட்டைப் பதிவு செய்தார். 2018இல் அனுமதி கேட்டார்கள். சாப்மன் மறுத்தார். மறுபடி மறுபடி கேட்டார்கள். ஒவ்வொரு முறையும் அதே பதில். மினாஜின் ஆல்பம் அந்தப் பாட்டு இல்லாமலே வந்தது. ஆனால் நியூயார்க் வானொலி ஒன்றில் அது ஒலித்துவிட்டது. சாப்மன் அந்த அக்டோபரில் வழக்குப் போட்டார்.

2020 செப்டம்பரில் வந்த தீர்ப்பு அவருக்கு முழுச் சாதகம் இல்லை. ஸ்டுடியோவுக்குள் இன்னொருவர் பாட்டை வைத்துச் சோதனை செய்து பார்ப்பது நியாயமான பயன்பாடே, அனுமதி கேட்பதற்கு முன் கலைஞர்கள் அப்படித்தான் முயன்று பார்ப்பார்கள் என்றார் நீதிபதி. அது சரியான தீர்ப்பு என்றே நானும் நினைக்கிறேன். என் வகுப்பில் பிள்ளைகள் தினமும் அடுத்தவர் மெட்டைத் தொட்டுத்தான் கற்கிறார்கள். வெளியே கசிந்தது யாரால் என்பது நடுவர் குழு முன் போக வேண்டியிருந்தது. அதற்கு முன்பே மினாஜ் தரப்பு 4,50,000 டாலர் தர முன்வந்தது, சாப்மன் ஏற்றார். 2021 ஜனவரியில் வழக்கு முடிந்தது.

'முடியாது' என்ற சொல்லுக்கு இந்த விலை எங்கிருந்து வந்தது? பாட்டு அவர் பெயரில் இருந்ததால் வந்தது. எழுதியவர் பங்கும் அவரிடம், பதிப்பாளர் பங்கும் அவரிடம். பாட்டைக் கிரயம் செய்து கொடுத்திருந்தால் அனுமதி கேட்கும் கடிதம் அவர் வீட்டுக்கு வந்தே இருக்காது.

அடுத்தது இதற்கு நேர் எதிர். 2023 மார்ச்சில், அமெரிக்க நாட்டுப்புற வேர் கொண்ட கன்ட்ரி இசையின் பாடகர் லூக் கோம்ஸ் தன் ஆல்பத்தில் 'ஃபாஸ்ட் கார்' பாட்டைப் பாடினார். சின்ன வயதில் அப்பாவின் வண்டியில் கேட்டு வளர்ந்த பாட்டு அவருக்கு. பெண் சொல்வதாக வரும் வரியைக்கூட மாற்றாமல் அப்படியே பாடினார். இதற்கு அவர் அனுமதி கேட்கத் தேவையில்லை. அமெரிக்கச் சட்டப்படி, ஒருமுறை வெளியான பாட்டை அதன் அடிப்படை மாறாமல் யார் வேண்டுமானாலும் மறுபடி பதிவு செய்யலாம். நிர்ணயித்த கட்டணத்தை மட்டும் செலுத்த வேண்டும். 2023இல் அது ஒரு பிரதிக்கு 12 சென்ட்.

இன்னொரு விதியும் உண்டு, கேட்டதும் அவள் அம்மா "நெசமாவா?" என்றார். அமெரிக்காவில் ஏ.எம்., எஃப்.எம். வானொலியில் பாட்டு ஒலித்தால், பணம் பாட்டை எழுதியவருக்கும் பதிப்பாளருக்கும் போகும். பாடியவருக்குச் சட்டப்படி ஒன்றும் கிடையாது. அதாவது, கோம்ஸின் குரல் வானொலியில் ஒலித்த ஒவ்வொரு முறையும் பணம் போனது சாப்மனுக்கு.

அந்தப் பாட்டு அமெரிக்கப் பட்டியலில் 2ஆம் இடம் வந்தது, மூலப் பாட்டைவிட மேலே. கன்ட்ரி வானொலிப் பட்டியலில் முதலிடம். தனியாளாக எழுதிய பாட்டு அங்கே முதலிடம் வந்த முதல் கறுப்பினப் பெண் சாப்மன். நவம்பரில் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த பாடல் விருது. அதைப் பெற்ற முதல் கறுப்பினப் பாடலாசிரியரும் அவரே. பாட்டுக்கு அப்போது வயது 35. விருது விழாவுக்கு அவர் போகவில்லை. 2024 பிப்ரவரி 4இல் கிராமி மேடைக்கு மட்டும் வந்தார். தலை நரைத்திருந்தது. அந்தக் கிதார் மெட்டைத் தொடங்கியதும் அரங்கம் எழுந்தது. கோம்ஸ் பக்கத்தில் நின்று, பாடும்போதெல்லாம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெம்பிளியைச் சொல்லி, அதிர்ஷ்டசாலி என்பார்கள். அதிர்ஷ்டம் அவருக்கு வந்தது உண்மை. காணாமல் போன ஒரு வன்தட்டும், ஓர் அப்பாவின் வண்டியில் ஓடிய கேசட்டும் அவர் கையில் இல்லாதவை. அந்த அதிர்ஷ்டங்கள் வீட்டுக்கு வந்தபோது கதவில் அவர் பெயர் எழுதியிருந்தது. அந்தப் பெயரை மாணவியாக இருந்தபோதே, ஒரு சின்ன வானொலி நிலையத்தில் அவர் எழுதி வைத்துவிட்டார்.

நம் சட்டத்தில் அவள் தாள்

அக்கா வீட்டுத் திண்ணையில் ஏழு பக்கத்தையும் பரப்பினோம். எதிரே காப்பிச் செடிகள், நடுவில் நிழலுக்கு சில்வர் ஓக், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி. ஒரு வழக்கறிஞர் நண்பரையும் போனில் வைத்துக்கொண்டேன்.

நம் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டுடையது. வரிகள் இலக்கியப் படைப்பு, மெட்டு இசைப் படைப்பு, ஒலிப்பதிவு மூன்றாவது. மூன்றும் தனித்தனி உரிமை. வரிக்கும் மெட்டுக்கும் உரிமை படைத்தவரின் ஆயுளுக்கும் அதற்குப் பின் 60 ஆண்டுக்கும் நீளும். அவளுக்கு 23 வயது. அவளுடைய பேரப்பிள்ளைகள் வரை போகக்கூடிய ஒன்றுக்கு அந்தத் தாள் 40,000 ரூபாய் சொல்கிறது.

2012இல் வந்த திருத்தம்தான் மிக முக்கியம். பாட்டின் உரிமையை ஒலிப்பதிவு நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்தாலும், அந்தப் பாட்டு பயன்படும்போது வரும் ராயல்டியில் சரிபாதி பெறும் உரிமையை எழுதியவர் விட்டுக்கொடுக்க முடியாது. சட்டப்படியான வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே அதை மாற்றலாம். மாறாக எழுதிய ஒப்பந்த வரி செல்லாது. ஆகவே 'ராயல்டி கேட்பதில்லை' என்ற அந்த வரி வெறும் மை. என் கேசட்டுத் தாளில் கையெழுத்துப் போட்ட காலத்தில் இந்தப் பாதுகாப்பு இல்லை.

பெயர் போடாமல் விடலாம் என்ற வரியும் நிற்காது. 57ஆவது பிரிவின்படி, உரிமையை முழுவதும் விற்ற பிறகும் 'இது என் படைப்பு' என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும். தன் மதிப்பைக் கெடுக்கும்படி படைப்பைச் சிதைத்தால் தடுக்கவும் முடியும்.

ஆனால் 'என்றைக்குமாக', 'உலகம் முழுவதும்' என்ற சொற்களைச் சட்டம் தானாக நீக்கித் தராது. ஒப்பந்தத்தில் காலம் குறிப்பிடவில்லை என்றால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் 19ஆவது பிரிவு எடுத்துக்கொள்ளும். குறிப்பிட்டுவிட்டால் குறிப்பிட்டதுதான். அங்கே பேசித்தான் ஆக வேண்டும்.

அப்போதுதான் அவள் அம்மா சொன்னார், இந்த ஆய்வில் நான் படித்த எதையும்விடத் தெளிவாக. அவர் பிறந்த வீடு அயோத்தியாப்பட்டணம் பக்கம், மாந்தோப்பு உண்டு.

"பூ எடுக்கிறப்ப வியாபாரி வருவாங்க. அந்த வருசக் காய்ப்பைத்தான் பேசி விடுவோம். மரத்தோட யாராச்சும் குடுப்பாங்களா, மாஸ்டர்?"

குத்தகை, கிரயம். நான் அரை மணி நேரம் விளக்க முயன்றதை அவர் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

அவள் அப்பாவை மறுநாள் பட்டறையில் பார்த்தேன். அவர் கணக்கு வேறு. வியாபாரி வெள்ளி கொடுப்பார், இவர் கொலுசு செய்து எடைபோட்டுக் கொடுப்பார், கூலி வரும். "கொலுசு யார் காலுக்குப் போகுதுன்னு நாங்க கேக்கிறதில்லைங்க. பாட்டும் அப்படித்தானுங்களே? 40,000ன்னா சின்னக் காசா?" என்றார். சின்னக் காசு இல்லை என்றேன், உண்மையாகவே. வீட்டில் கடன் இருந்தது எனக்குத் தெரியும். கொலுசை ஒருதரம்தான் விற்க முடியும், அந்த வெள்ளியும் உங்களுடையது இல்லை; இவளுக்கு வெள்ளியும் இவளுடையதுதான் என்று மட்டும் சொன்னேன். அவர் பதில் பேசவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் அனுப்பியது கையெழுத்து இல்லை, ஒரு கடிதம். நண்பர் எழுதித் தந்தார். இரண்டு பாட்டு மட்டும், 5 ஆண்டுக்கு, இந்தியாவுக்குள். சட்டப்படியான ராயல்டி பங்கு. எங்கும் பெயர் வர வேண்டும். மூன்று வாரம் பதிலே வரவில்லை. அந்த மூன்று வாரமும் அவள் வகுப்பில் சரியாகப் பாடவில்லை, நானும் சரியாகத் தூங்கவில்லை. பிறகு பதில் வந்தது. காலம் 10 ஆண்டு என்றார்கள், தொகை 14,000 என்றார்கள். மற்றதை ஏற்றுக்கொண்டார்கள். அவள் 7 ஆண்டு கேட்டாள். 7 ஆண்டில் முடிந்தது. ஸ்டூல் பாட்டு அந்த இரண்டில் இல்லை.

மீதி மூன்று பாட்டையும் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவு செய்து வைத்துக்கொள்ளச் சொன்னேன். பதிப்புரிமையைப் பதிவு செய்தால்தான் உரிமை என்று சட்டம் சொல்லவில்லை. ஆனால் நாளை ஒரு தகராறு வந்தால் தேதியிட்ட சான்று பேசும். இலக்கிய, இசைப் படைப்புக்குப் பதிவுக் கட்டணம் தலா 500 ரூபாய். அதற்கு முன்னால் ஒரு நல்ல ஒலிப்பதிவு வேண்டும்.

ஸ்டுடியோவுக்குக் காசில்லை. அவள் வீட்டிலேயே, பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில், என் மைக்கை வைத்து எடுத்தோம். அது கல்யாண சீசன், பட்டறையில் வேலை நெருக்கடி. பற்றவைக்கும் சுடர் சீறும் ஓசை சுவரைத் தாண்டி மைக்கில் விழுந்தது. நான் எழுந்து போய்ச் சொல்வதற்குள் அந்த ஓசை நின்றது. அப்பா சுடரை அணைத்துவிட்டு, கூட வேலை செய்த இருவரையும் கையமர்த்திவிட்டு, வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டார். ஸ்டூல் பாட்டு நாலே கால் நிமிஷம். கடைசி அடியில் தெருவில் ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

அவள் என்னைப் பார்த்தாள். வாசலில் இருந்து அப்பாவின் குரல்தான் முதலில் வந்தது.

"இன்னொருக்கா பாடு கண்ணு. நாங்க இருக்கோம்."